துண்டுக்கு அடியில் ஒரு பேரம்: பாசி விடும் வழவழப்பும் நீரில் கலந்த மாசும்

கோடையில் நீர் இறங்கிய குளத்தின் படித்துறையில் கால் வைத்தவர்களுக்குத் தெரியும். கண்ணுக்குக் கல் தெரியும். காலுக்குக் கல் அகப்படாது. நடுவில் ஒரு வழவழப்பு இருந்து வழுக்கிவிடும். அதை ஒரு விரலால் வழித்து, கட்டைவிரலோடு சேர்த்துத் தேய்த்துப் பாருங்கள். வெண்டைக்காய் நறுக்கிய கையைப் போல இருக்கும். கழுவினால் பச்சை முதலில் போய்விடும். வழவழப்பு இன்னும் இரண்டு மூன்று கழுவலுக்கு விடாது. பாசி என்றதும் நமக்கு அதன் நிறம்தான் நினைவுக்கு வருகிறது. ஒரு குளத்தில் வந்து விழும் சாயமும் உலோகமும் பூச்சிமருந்தும் கடைசியில் எங்கே போய்ச் சேர்கின்றன என்பதில் அந்த வழவழப்புக்குப் பெரிய பங்கு உண்டு.

ஈரோடு கருங்கல்பாளையம் மாட்டுச் சந்தையில் தரகர்கள் விலை பேசுவதைப் பார்த்திருப்பீர்கள். இரண்டு பேர் கையும் ஒரு துண்டுக்கு அடியில் இருக்கும். விரலைப் பிடித்து அழுத்துவதிலேயே ஆயிரமும் நூறும் பேசி முடிந்துவிடும். சுற்றி நிற்பவர்களுக்குத் துண்டு மட்டும்தான் தெரியும். குளத்து நீரிலும் இப்படித்தான் நடக்கிறது. மாசு வந்து சேர்ந்ததும் பாசி கசியவிட்ட பொருள் அதன் விரலைப் பிடிக்கிறது. எதை இறுக்கிப் பிடிக்கிறது, எதைத் தொடாமல் விடுகிறது, பிடித்ததை எப்போது கைவிடுகிறது என்பதைப் பொறுத்து மீனுக்கும் மாட்டுக்கும் நமக்கும் வரும் கேடு கூடும் அல்லது குறையும்.

காங்கேயத்துக்குப் பக்கத்தில் தோட்டம் வைத்திருக்கும் என் மாமா ஒருமுறை ஊர்க்குட்டை நீரின் பரிசோதனைத் தாளை என் கையில் கொடுத்து, "மாப்பிள்ளை, எல்லாம் வரம்புக்குள் என்று போட்டிருக்கிறார்கள். குட்டையோ பச்சைப் பெயின்ட் கரைத்து ஊற்றியதுபோல் இருக்கிறது. இதை மாட்டுக்குக் காட்டலாமா, கூடாதா?" என்று கேட்டார். ஒரே வார்த்தையில் அவருக்குப் பதில் சொல்ல என்னால் முடியவில்லை. அன்று திண்ணையில் உட்கார்ந்து அவருக்குச் சொன்னதைக் கொஞ்சம் விரித்து இங்கே எழுதுகிறேன். வேதியியல் படிக்காதவர்களுக்கும் இது புரியும்.

பாசிக்கு ஏன் இவ்வளவு கொண்டாட்டம்

நொய்யல் வெள்ளியங்கிரி மலையில் பிறந்து, கோவையையும் திருப்பூரையும் தாண்டி, கரூர் மாவட்டத்தில் நொய்யல் என்ற ஊருக்கு அருகே காவிரியில் கலக்கிறது. வழியில் உள்ள உக்கடம் பெரியகுளம், வாலாங்குளம், சிங்காநல்லூர்க் குளம் போன்றவை எல்லாம் மழைவெள்ளத்தைத் தேக்கி வைப்பதற்காக நம் முன்னோர் அமைத்தவை. மழை சில மாதங்கள்தான் வருகிறது. வீட்டுக் கழிவுநீர் ஆண்டு முழுவதும் வருகிறது. அதில் சோப்பும் மலமும் எச்சிலும் இருக்கின்றன. அதாவது நைட்ரஜனும் பாஸ்பரஸும் இருக்கின்றன. வயலுக்கு யூரியாவும் டிஏபியும் எப்படியோ, பாசிக்கு இந்தக் கழிவுநீர் அப்படி. அதோடு கொங்கு வெயிலும் அசையாத நீரும் சேர்ந்தால் பாசி பெருகுவதற்கு வேறொன்றும் தேவையில்லை.

குளத்தை மூடிக் கிடக்கும் ஆகாயத்தாமரை பாசி அல்ல. அது வேரும் இலையும் பூவும் உள்ள செடி. பாசிக்கு அவை எதுவும் கிடையாது. கண்ணுக்குத் தெரியாத தனித்தனி உயிரணுக்களாக மிதந்து நீரையே பச்சையாக்கும். சில வகை நூல்நூலாகத் திரண்டு கல்லில் தொங்கும். நீலப்பச்சைப் பாசி என்று நாம் சொல்வது உண்மையில் ஒளிச்சேர்க்கை செய்யும் பாக்டீரியா. நீரின் மேல் பச்சைப் பெயின்ட் போல ஆடை கட்டுவது பெரும்பாலும் அதுதான்.

பாசி எதைக் கசியவிடுகிறது, எதற்காக

வெயில் இருக்கும்வரை பாசி நீரில் கரைந்திருக்கும் கரியமில வாயுவை எடுத்துச் சர்க்கரை செய்துகொண்டே இருக்கும். அந்தச் சர்க்கரையை உடம்பாக மாற்றுவதற்கு நைட்ரஜனும் பாஸ்பரஸும் வேண்டும். அவை தீர்ந்துபோன பிறகும் வெயில் நிற்பதில்லை, சர்க்கரையும் சேர்ந்துகொண்டே போகிறது. அடுப்பைத் தணிக்காவிட்டால் பால் பொங்கி வழிவதைப் போல, மிஞ்சிய சர்க்கரையை நீண்ட சங்கிலிகளாகக் கோத்துப் பாசி வெளியே தள்ளிவிடுகிறது. நலமாக வளரும் பாசி தான் சேர்த்த கரிமத்தில் ஒரு சிறு பங்கைத்தான் வெளியே விடும். நெருக்கடி வந்தால் அந்தப் பங்கு பல மடங்காகும். இந்தக் கசிவால் பாசிக்கும் பயன் உண்டு. அது காய்ந்துபோகாமல் காக்கும் போர்வை. தின்ன வரும் சிறு பூச்சிகளுக்குத் தடை. கூட்டமாக ஒட்டி வாழப் பசை.

உயிரோடு இருக்கும்போது விடுவது ஒரு வகை. செத்து உடையும்போது கொட்டுவது இன்னொரு வகை. உயிரணு உடைந்தால் உள்ளே இருந்த புரதம், கொழுப்பு, நிறமி, மரபுப்பொருள், சில வகைகளில் நஞ்சு என்று எல்லாமே ஒரே நேரத்தில் நீரில் கலந்துவிடும். முதல் வகையில் சர்க்கரைச் சங்கிலிகள் அதிகம். இரண்டாம் வகையில் நைட்ரஜன் உள்ள பொருள்கள் அதிகம். குளோரினைப் பற்றிப் பேசும்போது இந்த வேறுபாடு திரும்ப வரும், நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

சர்க்கரைச் சங்கிலி எப்படி மாசைப் பிடிக்கிறது? நாயுருவிச் செடி உரசினால் அதன் விதை வேட்டியில் ஒட்டிக்கொண்டு வருவதை நினைத்துக்கொள்ளுங்கள். கையால் தடவினால் தெரியும், அந்த விதையில் சிறு கொக்கிகள் இருக்கும். பாசியின் சங்கிலியிலும் அப்படிக் கொக்கிகள் உண்டு. வேதியியலில் அவற்றைக் கார்பாக்சில் தொகுதி, ஹைட்ராக்சில் தொகுதி, பாஸ்பேட் தொகுதி, அமினோ தொகுதி என்பார்கள். குளத்து நீரில் இருக்கும்போது இவற்றில் முக்கியமானவை எதிர்மின்சுமை தாங்கியிருக்கும். ஆகவே நேர்மின்சுமை உள்ளது எது வந்தாலும் இழுத்துக்கொள்ளும். எதிர்மின்சுமை உள்ளதை ஒதுக்கும். இனி வரும் பெரும்பாலான விஷயங்களுக்கு இந்த ஒரு செய்தியே திறவுகோல்.

உலோகம்: பிடித்தால் போதுமா?

முலாம் பூசும் பட்டறைக் கழிவில் நிக்கல், துத்தநாகம், தாமிரம் எல்லாம் இருக்கும். அவை நீரில் கரைந்ததும் அயனிகளாக, அதாவது நேர்மின்சுமை ஏறிய அணுக்களாக உலாவும். பாசியின் கசிவு தாமிரத்தையும் ஈயத்தையும் இறுக்கமாகப் பிடிக்கும். நிக்கல், துத்தநாகம், காட்மியம் ஆகியவற்றைச் சற்றுத் தளர்வாகப் பிடிக்கும்.

தாமிரத்தையே எடுத்துக்கொள்வோம். தொண்டாமுத்தூர்ப் பக்கத்துத் திராட்சைத் தோட்டக்காரர்களுக்கு இது பழக்கமான பொருள். பூஞ்சை நோய்க்குத் தெளிக்கும் போர்டோ கலவையில் கலக்கும் மயில்துத்தம் தாமிர சல்பேட்தான். நீரில் தனியாகத் திரியும் தாமிர அயனி மீனின் செவுளில் போய் ஒட்டும். ஒட்டினால் மீன் தன் உடம்புக்கு வேண்டிய உப்பைத் தக்கவைத்துக்கொள்ள முடியாமல் தவிக்கும். அதே தாமிரம் பாசியின் கசிவில் சிக்கியிருந்தால் செவுளில் அவ்வளவு எளிதில் ஒட்டாது. இரண்டு குளங்களில் தாமிரத்தின் அளவு ஒன்றாகவே இருக்கலாம். ஒன்றில் மீன் சாகும், மற்றொன்றில் நீந்தும். நீரில் எவ்வளவு உலோகம் இருக்கிறது என்று கேட்டால் பாதிதான் கேட்டதாகும். எவ்வளவு தனியாக இருக்கிறது, எவ்வளவு பிடிபட்டு இருக்கிறது என்பதையும் கேட்க வேண்டும்.

இதைக் கேட்டதும் என் மாமா, "அப்படியென்றால் பாசி நல்லதுதானே" என்றார். எல்லோருக்கும் முதலில் அப்படித்தான் தோன்றும். ஆனால் பிடித்தது போனதாகாது. சிக்கிய தாமிரம் அந்தக் குளத்தில்தான் இருக்கிறது. அது வழவழப்போடு சேர்ந்து மிதக்கும், நகரும், படியும். அந்த வழவழப்பைத் தின்னும் நுண்ணுயிர் வயிற்றுக்குப் போய், அதைத் தின்னும் புழுவுக்குப் போய், அதைத் தின்னும் மீனுக்குப் போகலாம். செவுள் வழியாக நுழைய முடியாதது வாய் வழியாக நுழைகிறது.

பிடியும் ஒரே இறுக்கத்தில் இருப்பதில்லை. பகலில் பாசி கரியமில வாயுவை உறிஞ்சுவதால் நீரின் காரத்தன்மை ஏறும்; அடர்ந்த பச்சைக் குட்டையில் பிற்பகலில் அதை அளக்கும் பிஎச் எண் 9-ஐத் தாண்டிவிடும். அப்போது பிடி இறுகும். இரவில் பாசியும் பாக்டீரியாவும் மூச்சு விடுவதால் கரியமில வாயு சேர்ந்து காரம் இறங்கும், பிடி தளரும். மேலே எங்கிருந்தாவது அமிலக் கழிவைத் திறந்துவிட்டால் ஹைட்ரஜன் அயனிகள் வந்து கொக்கிகளை ஆக்கிரமித்துக்கொண்டு உலோகத்தை வெளியே தள்ளும். உப்புக் கழிவு வந்தாலும் ஏறக்குறைய இதேதான். கால்சியமும் சோடியமும் இடத்துக்குப் போட்டியிடும். ஒரு பட்டறை விட்ட உலோகத்தை இன்னொரு பட்டறை விட்ட உப்பு அவிழ்த்துவிடும். இரண்டையும் தனித்தனியே சோதித்துத் தனித்தனியே வரம்பு போடும்போது இந்தச் சேர்க்கை கணக்கில் வருவதில்லை என்பது எனக்கு நெடுநாளைய வருத்தம்.

மயில்துத்தத்துக்கே இன்னொரு கதை உண்டு. குளத்தில் பாசியைக் கொல்வதற்கு அதைப் போடுவது நெடுங்காலமாக உலகெங்கும் இருக்கும் வழக்கம். போட்டதில் ஒரு பகுதியை வழவழப்பே பிடித்து வைத்துக்கொள்ளும். பாசி சாகவில்லையே என்று இன்னும் போடுவார்கள். பிறகு ஒரே நாளில் எல்லாம் செத்து உடைந்து உள்ளே இருந்ததைக் கொட்டும். பச்சை போய்விட்டது என்று பார்ப்பவர்களுக்கு நிம்மதி. நீரோ அன்றைக்குத்தான் மிக மோசமாக இருக்கும்.

ஈரோட்டுப் பக்கம் தோல் பதனிடுவதற்குப் பயன்படும் குரோமியம் இங்கே தனி வகை. அதற்கு இரண்டு வடிவம் உண்டு. பதனிடும் மூன்றிணைதிறன் குரோமியம் நேர்மின்சுமை உள்ளது. பாசியின் கசிவில் சிக்கும். முலாம் பூசும் தொட்டியில் இருக்கும் ஆறிணைதிறன் குரோமியமோ நீரில் எதிர்மின்சுமையோடு இருப்பதால் நழுவிவிடும். இரண்டில் கொடியது அதுதான். பாசியின் கசிவு போன்ற கரிமப் பொருள் அதை மெல்ல மெல்ல மூன்றிணைதிறனாக மாற்றக்கூடும். வெயிலும் அமிலத்தன்மையும் இருந்தால் வேகம் கூடும். ஆனால் குளத்து நீரில் அமிலத்தன்மை இருப்பது அபூர்வம்.

சாயம்: உப்பு ஏன் போடுகிறார்கள் என்று தெரிந்தவர்களுக்கு

திருப்பூரில் சாயப்பட்டறை மாஸ்டர் யாரையாவது கேளுங்கள்: பருத்தித் துணிக்குச் சாயம் போடும்போது ஏன் மூட்டை மூட்டையாக உப்பு கொட்டுகிறீர்கள் என்று. உப்பு இல்லாவிட்டால் சாயம் துணியில் ஏறாது என்பார். காரணம் மேலே சொன்ன மின்சுமைதான். பருத்தி நூல் நீரில் எதிர்மின்சுமை தாங்கும். பனியன் துணிக்குப் போடும் ரியாக்டிவ் சாயமும் எதிர்மின்சுமை உள்ளது. ஒன்றையொன்று தள்ளும். உப்பைக் கொட்டினால் அந்தத் தள்ளுவிசை மறைந்து, சாயம் நூலை நெருங்கும்.

பருத்தியும் சர்க்கரைச் சங்கிலிதான். பாசியின் வழவழப்பும் சர்க்கரைச் சங்கிலிதான். எனவே துணியில் ஏறாமல் மிஞ்சிய சாயம் குளத்துக்கு வந்தால், அங்கும் அதே கதை. நல்ல நீரில் வழவழப்பு அந்தச் சாயத்தை ஒதுக்கும். உப்பும் கால்சியமும் நிறைந்த நீரில் இரண்டும் நெருங்கும். கால்சியத்துக்கு இரண்டு நேர்மின்சுமை; ஒரு கையால் சங்கிலியையும் மறு கையால் சாயத்தையும் பிடித்துப் பாலம் போடும். நம் பகுதி ஆழ்குழாய்க் கிணற்று நீர் எவ்வளவு கடினம் என்று பருப்பு வேகவைத்தவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. கால்சியத்துக்குப் பஞ்சமே கிடையாது. பட்டு, அக்ரிலிக் போன்றவற்றுக்குப் போடும் சில வகைச் சாயங்கள் நேர்மின்சுமை உள்ளவை. அவற்றைப் பாசி எளிதில் உறிஞ்சிவிடும். பாசி சாயத்தை நீக்குகிறது என்று எங்காவது படித்தால், எந்தச் சாயம், எந்த நீர் என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

சாயம் கிடக்கட்டும். கூடவே வந்த உப்பு? அதைப் பாசியோ அதன் கசிவோ ஒன்றும் செய்ய முடியாது. ஒரத்துப்பாளையம் அணையில் நடந்தது அதுதான். பாசனத்துக்கென்று 1990-களின் தொடக்கத்தில் நொய்யலின் குறுக்கே கட்டப்பட்ட அணை, சாயக்கழிவு தேங்கும் தொட்டியாக மாறிப்போனது. உழவர்கள் தங்களுக்காகக் கட்டிய அணையில் நீர் தேக்கவே வேண்டாம் என்று சொல்லும் நிலை வந்தது. சுற்றியிருந்த கிணறுகள் உவர்ந்தன, நிலம் பாழ்பட்டது. கடைசியில் 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம், கழிவுநீரை ஒரு சொட்டுகூட வெளியே விடாத ஏற்பாடு செய்யும்வரை திருப்பூர்ச் சாயப்பட்டறைகளை மூடும்படி உத்தரவிட்டது. நீருக்குத் தன்னைத் தானே சுத்தப்படுத்திக்கொள்ளும் ஆற்றல் உண்டு என்று நம்பி இருப்பவர்கள் ஒருமுறை ஒரத்துப்பாளையம் போய்வர வேண்டும்.

அந்த ஏற்பாட்டில் கழிவுநீரை மெல்லிய சவ்வு வழியாக அழுத்தி உப்பைப் பிரிக்கிறார்கள். வீட்டு ஆர்ஓ இயந்திரத்தின் பெரிய வடிவம் என்று சொல்லலாம். கரிமப் பொருள் உள்ள நீரை அதில் விட்டால் சவ்வின் மேல் வழவழப்பு படிந்து அடைத்துக்கொள்ளும். கால்சியம் பாலம் போடுவதால் அது ஊறிய ஜவ்வரிசிபோல் கெட்டிப்படும். கழுவினாலும் லேசில் போகாது. பாசி வளர்ந்த திறந்த தொட்டி நீரை ஆர்ஓவுக்குக் கொடுப்பவர்கள் இதனால்தான் அடிக்கடி சவ்வு மாற்றுகிறார்கள்.

வெயில் பட்டால்

பல்லடம், நாமக்கல் வட்டாரம் கோழிப்பண்ணைகளுக்குப் பெயர் பெற்றது. கோழிக்குக் கொடுக்கும் ஆன்டிபயாடிக் மருந்தில் ஒரு பகுதி எச்சத்தோடு வெளியே வந்து, மழைநீரோடு குட்டைகளுக்குப் போகும். இந்த இடத்தில் பாசியின் கசிவுக்கு ஒரு நல்ல குணம் உண்டு. அதிலுள்ள சில மூலக்கூறுகள் வெயிலை வாங்கிக்கொண்டு கிளர்ச்சியுறும். கிளர்ச்சியுற்ற மூலக்கூறு பக்கத்தில் இருக்கும் ஆக்சிஜனுக்கு அந்த ஆற்றலைக் கைமாற்றும். அப்படித் துடிப்பேறிய ஆக்சிஜன் மருந்தையோ பூச்சிமருந்தையோ தாக்கி உடைக்கும். நேரடி வெயிலில் சிதையாத பொருள்கூட இப்படி இரண்டாம் கையாகச் சிதைவதுண்டு.

இதிலும் கட்டுப்பாடு உண்டு. பச்சை அடர்ந்த குட்டையில் முழங்கை ஆழத்துக்குக் கீழே வெயிலே போகாது; அங்கே இந்த வேலை நடக்காது. மேலே உடைந்த துண்டுகளும் எல்லா நேரமும் கேடற்றவை என்று சொல்ல முடியாது.

சேற்றுக்குள் போனபின்

கசிவு, பாசி உடல், பனியன் துணியிலிருந்து உதிர்ந்த நுண்ணிய பிளாஸ்டிக் நூல், களிமண் தூள் எல்லாம் ஒன்றோடொன்று ஒட்டித் திரளாகி மெல்ல அடியில் இறங்கும். மேல்நீர் தெளியும். எல்லோரும் மகிழ்வார்கள்.

இறங்கிய திரளைப் பாக்டீரியாக்கள் தின்னும். புதிதாக விழுந்த பாசி அவற்றுக்குச் சுடுசோறு மாதிரி. காய்ந்த இலைதழையைவிடப் பல மடங்கு வேகமாக ஜீரணமாகும். தின்னும் வேகத்தில் ஆக்சிஜன் தீர்ந்துபோகும். ஆக்சிஜன் தீர்ந்ததும் சேற்றின் வேதியியல் தலைகீழாகும். அதுவரை உலோகங்களையும் பாஸ்பரஸையும் கெட்டியாகப் பிடித்து வைத்திருந்த இரும்புத் துரு கரையத் தொடங்கும். பிடிபட்டிருந்தவை மீண்டும் நீருக்கு வரும். பாஸ்பரஸ் மேலே வந்தால் அடுத்த பாசிக்கு உரம். அடைந்த குட்டையின் சேற்றைக் கிளறினால் வரும் அழுகிய முட்டை நாற்றம் இந்த நிலையின் அடையாளம்.

பாதரசம் இருக்கும் நீர்நிலையாக இருந்தால் ஆபத்து இன்னும் ஒரு படி ஏறுகிறது. ஆக்சிஜன் இல்லாத சேற்றில் வாழும் சில பாக்டீரியாக்கள் சாதாரணப் பாதரசத்தை மெத்தில் பாதரசமாக மாற்றும். ஜப்பானின் மினமாட்டாவில் 1956-ல் வெளிப்பட்ட கொடிய நோய்க்குக் காரணம் மெத்தில் பாதரசம். அங்கே அது ஆலையிலிருந்தே வந்தது. சேற்றில் அது உருவாவதற்குப் பாசி தரும் எளிய உணவு துணைபோகிறது. ஒரே கசிவு மேல்நீரில் தாமிரத்தின் கடுமையைத் தணிக்கிறது. அடிச்சேற்றில் பாதரசத்தின் கடுமையைக் கூட்டுகிறது.

குடிநீர்த் தொட்டியில் குளோரின் போடும்போது

இது நம் வீட்டுக்கு மிக அருகில் வரும் விஷயம், ஆகவே சற்று நின்று சொல்கிறேன். பாசி படிந்த நீரில் பிளீச்சிங் பவுடர் போட்டால், குளோரின் கிருமியோடு மட்டும் நிற்காது. கரைந்திருக்கும் கரிமப் பொருளையும் தாக்கும். அப்போது குளோரோஃபார்ம் முதலிய ட்ரைஹாலோமீத்தேன்கள் என்ற கேடுள்ள துணைப்பொருள்கள் உண்டாகும். 1974-ல் நெதர்லாந்தின் ரோட்டர்டாம் நகரில் யோகனஸ் ரூக் என்ற வேதியியலாளர் குடிநீரில் குளோரினால் இவை உண்டாவதை எடுத்துக்காட்டினார். இந்தியக் குடிநீர்த் தரவரையறை குளோரோஃபார்முக்கு லிட்டருக்கு 0.2 மில்லிகிராம் என்று வரம்பு வைத்திருக்கிறது. உடைந்த பாசியிலிருந்து வரும் நைட்ரஜன் மிகுந்த பொருள்கள் வேறு சில துணைப்பொருள்களையும் உண்டாக்கும். அளவில் குறைவு, நச்சுத்தன்மையில் கூடுதல்.

இதைப் படித்துவிட்டு யாரும் குளோரின் போடுவதை நிறுத்திவிடக் கூடாது. கிருமியால் வரும் வயிற்றுப்போக்கும் காலராவும் நாட்கணக்கில் உயிரை எடுக்கும். துணைப்பொருளின் கேடு பல ஆண்டுக் கணக்கு. எதை முதலில் செய்கிறோம் என்பதைத்தான் மாற்ற வேண்டும். முதலில் பாசியை உடையாமல் முழுசாக எடுத்துவிட வேண்டும், பிறகு குளோரின் போட வேண்டும். பாசி இருக்கும்போதே குளோரினைக் கொட்டினால் அது உயிரணுவைக் கிழித்து உள்ளிருப்பதையும் வெளியே எடுத்து அதனோடும் வினைபுரியும். மாடித் தொட்டிக்கும் இதே முறைதான்: சுவரைத் தேய்த்து, வழவழப்பை வெளியே ஊற்றிவிட்டு, புது நீர் நிரப்பியபின் மருந்து. மூடியை வெளிச்சம் புகாதபடி போட்டால் பாசியே வராது.

பெரிய நிலையங்களில் பாசியை எடுக்கப் படிகாரம் போடுவார்கள். படிகாரத்திலிருந்து வரும் அலுமினியம் நேர்மின்சுமை உள்ளது. தூசியும் பாசியும் எதிர்மின்சுமை உள்ளவை. சேர்ந்து கட்டியாகிப் படியும். கசிவு சிறிதளவு இருந்தால் கட்டி சேர்வதற்கு உதவும். நம் பாட்டிமார் பானையின் உட்புறத்தில் தேற்றான் கொட்டையை இழைத்துக் கலங்கல் நீரைத் தெளியவைத்தார்களே, அந்தக் கொட்டையிலும் நீண்ட சர்க்கரைச் சங்கிலிகள் உண்டு. அதே சங்கிலி அளவுக்கு மீறினால் படிகாரத்தையெல்லாம் தானே வாங்கிக்கொண்டு தூசியை மிதக்க விட்டுவிடும். பாசிக் காலத்தில் படிகாரச் செலவு ஏறுவதற்குக் காரணம் இது.

மாமாவுக்குச் சொன்ன பதில்

மாட்டுக்குக் காட்டலாமா என்ற கேள்விக்கு வருகிறேன். நீலப்பச்சைப் பாசியில் சில வகைகள் மைக்ரோசிஸ்டின் என்ற கல்லீரல் நஞ்சைச் செய்யும். குடிநீரில் மைக்ரோசிஸ்டின்-எல்ஆர் லிட்டருக்கு 1 மைக்ரோகிராம் என்பது உலகச் சுகாதார நிறுவனம் வைத்த வழிகாட்டு அளவு. காய்ச்சினாலும் அது அழியாது. ஆஸ்திரேலியாவின் அலெக்சாண்ட்ரினா ஏரியில் பாசி ஆடையைக் குடித்த கால்நடைகள் செத்ததை 1878-லேயே ஜார்ஜ் பிரான்சிஸ் எழுதி வைத்திருக்கிறார். காற்று ஒரு கரைக்குத் தள்ளும் ஆடையில்தான் நஞ்சு செறிந்து கிடக்கும். மாடு இறங்கிக் குடிப்பதும் கரையில்தான். மாமாவின் தாளில் தாமிரம், ஈயம், நிக்கல் எல்லாம் இருந்தன. இந்த நஞ்சுக்கு ஒரு வரிகூட இல்லை. கேட்டால்தான் சோதிப்பார்கள். ஆடை கட்டியிருக்கும்வரை மாட்டை அங்கே இறக்க வேண்டாம், தொட்டியில் கிணற்று நீரைக் காட்டுங்கள் என்று சொல்லிவிட்டேன்.

உலோகத்துக்கு எழுதியிருந்த எண்களும் முழுக்கதை அல்ல. "கரைந்தது" என்று எழுதியிருந்தது. ஆய்வகத்தில் கரைந்தது என்றால் 0.45 மைக்ரோமீட்டர் துளையுள்ள வடிதாளில் இறங்கியது என்று பொருள்; தலைமுடியின் தடிமனில் நூறில் ஒரு பங்குக்கும் குறைவான துளை அது. பாசி உடலோடும் பெரிய திரளோடும் ஒட்டியிருந்த உலோகம் வடிதாளிலேயே தங்கி, குப்பைக்குப் போய்விட்டது. மாடு வடிகட்டிக் குடிப்பதில்லை. அடுத்த முறை இரண்டு பாட்டில் எடுங்கள் மாமா, என்றேன். ஒன்று விடியற்காலையில், ஒன்று பிற்பகல் மூன்று மணிக்கு. இரண்டிலும் வடிகட்டாமல் மொத்தம் எவ்வளவு, வடிகட்டியபின் எவ்வளவு என்று தனித்தனியே போடச் சொல்லுங்கள். கரையோர ஆடையிலிருந்து மூன்றாவதாக ஒரு பாட்டில் எடுத்து, அதற்கு மைக்ரோசிஸ்டின் மட்டும் கேளுங்கள். வெயில் படாமல் ஈரத்துணியில் சுற்றி, ஐஸ் பெட்டியில் வைத்து அன்றைக்கே கொண்டுபோய்க் கொடுங்கள்.

மாமா சட்டைப் பையிலிருந்த அதே தாளை எடுத்து, அதன் பின்பக்கத்தில் எழுதிக்கொண்டார்: காலை, மூன்று மணி, ஆடை.